இணையப் பக்கத்தில் இருப்பதை பில் மென்பொருளுக்கு அனுப்புவது எப்படி?

மண்டபம்கரை:
மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியின் கணினி வேலை என் கைக்கு வந்திருக்கிறது. ஏலக் கணக்கு இணையப் பக்கத்தில். பில் அச்சிடுவது பழைய விண்டோஸ் மென்பொருள். படகு எண், மீன், எடை, விலை அத்தனையையும் கணக்குப்பிள்ளை பார்த்துப் பார்த்து மறுபடி தட்டுகிறார். விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில் அது ஆகிற காரியமில்லை. நேரே அனுப்ப வழி உண்டா?

தென்கடல்:
விண்டோஸின் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் ‘மீன்பில்’ என்பதுபோல் தனி நெறிமுறை (முகவரியின் தொடக்கச் சொல்) ஒன்றைப் பதிவுசெய்யுங்கள். ‘மெயில்டூ’ இணைப்பைத் தொட்டால் அஞ்சல் மென்பொருள் திறக்கிறதே, அதே ஏற்பாடுதான். முகவரியில் இருப்பது அப்படியே மென்பொருளுக்கு உள்ளீடாகப் போய்விடும். அரை நாள் வேலை.

வடகடல்:
போகும், சரி. போய்ச் சேர்ந்ததா என்று பக்கத்துக்கு யார் சொல்வது? பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. இன்னொன்று, ‘நண்டு’ என்று தமிழில் அனுப்பிப் பாருங்கள். யூனிகோடில் 5 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், முகவரியில் பைட்டுக்கு 3 எழுத்து. ஒரு நண்டுக்கு 45 எழுத்து! நகரை, பாறை, கணவாய், சங்காயம் என்று பட்டியல் நீண்டால் 2,000 எழுத்தைத் தாண்ட எவ்வளவு நேரம்? அதற்கு மேல் எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போகும் என்று நம்ப முடியாது. அதே கணினியில், அது தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில், பக்கத்தோடு இருவழியும் பேசும் சிறிய வெப்சாக்கெட் சேவையகம் ஒன்றை ஓடவிடுங்கள். பதிலும் திரும்பி வரும்.

தென்கடல்:
அந்தச் சேவையகக் கதவை உங்கள் இணையப் பக்கம் மட்டுமா தட்டும்? பிரவுசரில் திறந்திருக்கும் எந்தத் தளமும் தட்டலாம். 2019 ஜூலையில் காணொலிக் கூட்ட மென்பொருளான ஜூம் பட்ட பாடு மறந்துவிட்டதா? மேக் கணினிகளில் 19421ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) சேவையகம் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாலே கேமராவோடு கூட்டத்தில் சேர்த்துவிட முடிந்தது. ஜூமை நீக்கினாலும் சேவையகம் நீங்கவில்லை. ஆப்பிளே புதுப்பிப்பு அனுப்பி அகற்றியது. என் வழியில் ‘திறக்கவா?’ என்று பிரவுசராவது கேட்கும்.

வடகடல்:
கேட்கும், கணக்குப்பிள்ளை படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவார். ஜூம்காரர்கள் கதவுக்குத் தாழ் போடாததற்குக் கதவையே குறை சொல்வதா? வெப்சாக்கெட் இணைப்பில், எந்தத் தளம் பேசுகிறது என்று சொல்லும் ‘ஆரிஜின்’ தலைப்பு வருகிறது. இணையப் பக்கத்தில் ஓடும் நிரலால் அதை மாற்ற முடியாது. அதையும், எந்த முகவரிக்கு வந்தது என்று சொல்லும் ‘ஹோஸ்ட்’ தலைப்பையும் பாருங்கள். கூடவே ஒரு ரகசியச் சாவி கேளுங்கள்.

பாம்பன்வாசி:
குரோம் நீட்டிப்பு (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) வழி கணினி மென்பொருளோடு பேச ‘நேட்டிவ் மெசேஜிங்’ இருக்கிறது. போர்ட்டே வேண்டாம், நீங்கள் அனுமதித்த நீட்டிப்பு மட்டுமே பேசும். ஆனால் நீட்டிப்பைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

மண்டபம்கரை:
அந்த ஆள் இங்கே இல்லை. அச்சானதா என்று தெரிந்தே ஆகவேண்டும், பில் விட்டுப்போனால் படகுக்காரரிடம் யார் பேச்சு வாங்குவது? வெப்சாக்கெட்டே வைக்கிறேன்.

தென்கடல்:
வைப்பதானால் 127.0.0.1இல் மட்டும் வையுங்கள். எல்லா இணைப்புகளுக்கும் திறந்துவிடும் 0.0.0.0 என்று போட்டால் கம்பெனி வைஃபையில் இருக்கும் ஐஸ் வண்டிக்காரர் போன்கூட உங்கள் பில் மென்பொருளோடு பேசும்.