கச்சிகோஷி, மகேகோஷி: ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜப்பானிய மல்யுத்தமான சுமோவுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் கச்சிகோஷிக்கு ‘ஏற்றம்’ என்றும் மகேகோஷிக்கு ‘இறக்கம்’ என்றும் வைக்கலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சுமோ மல்லரின் தொழில்வாழ்வே இந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான் நடக்கிறது. இங்கே பிசகினால் மற்ற சொற்களும் கோணலாகிவிடும்.

ஆண்டுக்கு 6 தொடர்கள். மேல் இரண்டு பிரிவினருக்குத் தொடருக்கு 15 போட்டிகள், கீழே உள்ளவர்களுக்கு 7. பாதிக்கு மேல் வென்றால் கச்சிகோஷி, பாதிக்கு மேல் தோற்றால் மகேகோஷி. அவ்வளவுதான், வெறும் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்து, அடுத்த தொடருக்கான பன்சுகே, அதாவது நிலைப்பட்டியல், புதிதாக எழுதப்படுகிறது. பெரும்பாலானவர்கள் அதில் ஏறுவார்கள் அல்லது இறங்குவார்கள். ஆனால் அது விளைவு. விளைவையே பெயராக வைத்தால், மேலிருந்து இரண்டாவதான ஓசெகி நிலைக்கு வரும்போது சொல் காலை வாரிவிடும்.

கிசெனோசாதோ என்ற மல்லரையே பாருங்கள். 2012 ஜனவரியில் ஓசெகி ஆனவர் ஐந்து ஆண்டுகள் அதே நிலையில் இருந்தார். 2016-இல் வேறு எவரையும்விட அதிகமாக 69 வெற்றிகள், கோப்பை ஒன்றுகூட இல்லை. கச்சிகோஷி மேல் கச்சிகோஷி வந்தது, ஏற்றம் வரவில்லை. 2014 ஜனவரியில் 7 வெற்றி, 8 தோல்வி. மகேகோஷிதான், ஆனால் ஓசெகி நிலை போகவில்லை. அடுத்தடுத்து இரண்டு தொடர்களில் மகேகோஷி வந்தால்தான் ஓசெகி ஒருவர் அதற்கு அடுத்த கீழ்நிலையான செகிவாகேக்கு இறங்குவார். முதல் மகேகோஷிக்கு அடுத்த தொடரில் அவர் இருக்கும் நிலையைக் கதோபன் என்பார்கள். இதற்கு ‘விளிம்புநிலை’ வேண்டாம், அச்சொல் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘இறுதிக்கெடு’ சரியாக இருக்கும் என நினைக்கிறேன்.

கச்சிகோஷி, மகேகோஷி இரண்டுக்கும் என் முன்மொழிவு ‘மிகுவெற்றி’, ‘மிகுதோல்வி’. கணக்கை மட்டும் சொல்லும் சொற்கள். ‘மிகுவெற்றி’யை யாராவது பெருவெற்றி என்று புரிந்துகொள்ளக்கூடும். ‘8-7 என மிகுவெற்றி பெற்றார்’ என்று நாலு இடத்தில் எழுதினால் பழகிவிடும். ‘கரையேற்றம்’ என்றும் ஒரு யோசனை வந்தது. வர்ணனைக்கு அழகான சொல், அங்கே தாராளமாகப் புழங்கட்டும். ஆனால் அதற்கு எதிராகச் ‘சறுக்கல்’ என்று வைத்தால், கோதாவில் உண்மையிலேயே கால் சறுக்குவதோடு குழம்பும்.

ஓசெகிக்கும் மேலே உச்சமான யோகொசுனா நிலையில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2017 ஜனவரியில் முதல் கோப்பையை வென்ற கையோடு கிசெனோசாதோ 72ஆம் யோகொசுனா ஆனார். மார்ச்சில் ஒசாகாவில் 13ஆம் நாள் இடது மார்பிலும் மேல்கையிலும் காயம். அப்படியும் கடைசி நாளில் தெருனோஃபுஜி என்ற ஓசெகியை முதலில் ஒருமுறை, அப்புறம் கோப்பைக்கான கூடுதல் போட்டியில் மறுமுறை வீழ்த்தினார். சுமோவில் என் மனத்தை அதிகம் உலுக்கிய நாள் அது. அந்தக் காயம் அவரை விடவே இல்லை. அடுத்த 8 தொடர்களில் முழுதாகவோ பாதியிலோ விலக நேர்ந்தது. யோகொசுனாவுக்கு நிலையிறக்கமே கிடையாது. கீழ் நிலையில் ஆடித் தேறி வரவும் வழியில்லை. 2019 ஜனவரியில் முதல் மூன்று போட்டிகளிலும் தோற்றதும் களத்தை விட்டார். 2017 மார்ச்சில் அவரிடம் தோற்ற தெருனோஃபுஜியோ பின்னர் முழங்கால் காயத்தாலும் நோயாலும் ஓசெகியிலிருந்து சரிந்து, கீழிருந்து இரண்டாவதான ஜோனிதான் பிரிவுவரை போனார். அங்கிருந்து மறுபடி ஏறி 2021-இல் 73ஆம் யோகொசுனா ஆனார்.

இதனால்தான் மல்லர் போட்டியை விட்டு விலகுவதைக் குறிக்கும் இன்தாய்க்கு ‘ஓய்வு’ என்று எழுதுவதும் எனக்கு உறுத்துகிறது. கிசெனோசாதோவுக்கு அப்போது வயது 32. இப்போது நிஷோனோசெகி ஹேயாவை, அதாவது மல்லர்கள் தங்கிப் பயிலும் வீட்டை, நடத்துகிறார். அவரிடம் பயின்ற ஓனோசாதோ 2025-இல் 75ஆம் யோகொசுனா ஆகியிருக்கிறார். இதில் ஓய்வு எங்கே இருக்கிறது? ‘களம்நீங்கல்’ என்று வைக்கலாம்.

ஹேயாவுக்குப் பட்டியலில் இருக்கும் ‘லாயம்’ ஆங்கில ‘stable’ வழியாக வந்தது, தயவுசெய்து நீக்கிவிடுவோம். மல்லர்கள் ஒன்றாகத் தங்கி, சமைத்து உண்டு, விடியலிலேயே பயிற்சியில் இறங்கும் வீடு அது. ‘மல்லர்கூடம்’ என்பது என் பரிந்துரை. ‘பயிலகம்’ என்றால் தங்குவது விட்டுப்போகும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.