மறு: அலெக்சிதைமியா – ‘உணர்வு பிடிபடாமை’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

இழை தொடங்கி ஆறு நாளாகிறது, நான் இன்றைக்குத்தான் எல்லா மடலையும் ஒரே மூச்சில் படித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை, செல்லூரில் பிசியோதெரபி செய்கிறவன். தறிக்காரர்கள், பூக்கட்டுகிறவர்கள், சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற அம்மாக்கள் என்று இடுப்பும் கழுத்தும் போனவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேலாக வலியோடு இருப்பவர்களுக்குக் கொடுக்க ஒரு நாலு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்காகத்தான் அலெக்சிதைமியாவுக்கு, அதாவது உள்ளே எழுகிற உணர்ச்சி இன்னதென்று தனக்கே தெரியாமல் இருப்பதற்கு, தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்டேன். அகராதிக்கு இல்லை.

> உணர்ச்சியின்மை என்று வைத்துக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு பேச்சு?

ஐயா, அது மட்டும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர் பாதத்தைத் தொட்டுவிட்டு “உணர்ச்சி இருக்கா?” என்றுதான் இங்கே டாக்டர்கள் கேட்பார்கள். உணர்ச்சியின்மை என்று அச்சடித்தால் கால் மரத்துப்போன சங்கதி என்றுதான் படிப்பார்கள். அதைவிடப் பெரிய தப்பு, அலெக்சிதைமியாவில் உணர்ச்சி இல்லாமல் போய்விடுவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கை நடுங்குகிறது, எல்லாம் நடக்கிறது. அது கோபமா பயமா துக்கமா என்பதுதான் அந்த ஆளுக்குத் தெரிவதில்லை. தெரியாதபோது படபடப்பை இதய நோய் என்றும் பிசைவதை வயிற்றுக் கோளாறு என்றும் எடுத்துக்கொள்வதற்கு வழி இருக்கிறது, ஏற்கெனவே வலி இருக்கிற உடம்பு என்றால் எல்லாம் அந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

> மூலத்தை அப்படியே பெயர்த்தால் ‘உணர்வுச்சொல்லின்மை’ வருகிறது

வருகிறது, மறுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கட்டிய சொல் இது. ‘அ’ என்றால் இல்லை, ‘லெக்சிஸ்’ சொல், ‘தைமோஸ்’ உள்ளத்து உணர்வு. ஆனால் சொல் இல்லை என்று தமிழில் எழுதினால் நம் ஆட்களில் பாதிப் பேரை அநியாயமாக உள்ளே பிடித்துப் போட்டுவிடுவோம் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஒரு அம்மா, குனிந்தபடியே முடிச்சுப் போட்டுக் கழுத்து போனவர். “மனசு எப்படிம்மா இருக்கு?” என்றேன். “மனசுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு. கழுத்துதான் தம்பி.” சொல்லும்போதே முந்தானை நுனியைச் சுண்டுவிரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். வலி எப்போது கூடுகிறது? சாயங்காலம். சாயங்காலம் என்ன நடக்கும்? மூத்தவன் வேலை முடிந்து வருவான். வந்தால்? “வருவான், சாப்பிடுவான், ஒரு வார்த்தை பேச மாட்டான், போய்ப் படுத்துக்குவான்.” அப்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் சொன்னார்: “கழுத்து கடுக்கும்.” மழுப்பலாக எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தார், கைக்கு அகப்பட்டது அதுதான்.

இன்னொருவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர், முதுகுவலி. “மக வீட்டுல நடந்ததை நினைச்சா வயிறு எரியுது, ஈரக்குலையே நடுங்குது” என்கிறார். அவரும் உடம்பை வைத்துத்தான் பேசுகிறார், ஆனால் யார் மேல் கோபம், எதை நினைத்துப் பயம் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். வயிற்றெரிச்சல் தமிழில் அசல் உணர்ச்சிச் சொல், இரைப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு ஏன், கையேட்டில் நான் எழுதுகிற ‘மன உளைச்சல்’ எங்கிருந்து வந்தது? “காலு ரெண்டும் உளையுது” என்று தினமும் பத்துப் பேராவது என்னிடம் சொல்கிறார்கள். காலுக்கும் மனசுக்கும் ஒரே சொல்லை வைத்துப் புழங்குகிற மொழி இது, இதில் உடம்பைச் சொன்னாலே மனசைத் தெரியாதவர் என்று முத்திரை குத்த முடியாது. அந்த அம்மாவுக்கும் இந்தப் பெரியவருக்கும் நடுவே கோடு போடுகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

> தொல்காப்பிய வழியில் ‘மெய்ப்பாடறியாமை’

இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளையும் மெய்யில், அதாவது உடம்பில், படுவதாக வைத்துத்தானே மெய்ப்பாடு என்று பெயரே. முந்தானையைச் சுற்றியதில் அந்த அம்மாவின் மெய்ப்பாடு எனக்குத் தெரிந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை, ஆகப் பொருளும் கச்சிதம். ஆனால் கையேட்டில் போட்டால் இந்தச் சொல்லை விளக்கவே இன்னொரு பக்கம் அடிக்க வேண்டும்.

இழையில் வந்த ‘உணர்வூமை’யும் வேண்டாம். ஊமைக்காயம், ஊமைவெயில் எல்லாம் நல்ல தமிழ்தான், ஆளைப் பார்த்து ஊமை என்பது வேறு.

சரி, என் பக்கத்துக்கு: உணர்வு பிடிபடாமை. “கணக்கு பிடிபடலை”, “அந்த ஆளு என்ன சொல்றாருன்னே பிடிபடலை” என்று எல்லாரும் பேசுகிறார்கள். பொருள் அங்கே இருக்கிறது, என் கைக்கு வரவில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதை அளக்கிற டொரண்டோ அளவுகோலின் (20 கேள்விகள், 1994இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது) மூன்று கூறுகளையும் இதன் கீழ் வைக்கலாம்: உணர்வை இனங்காணும் இடர், எடுத்துச்சொல்லும் இடர், புறநோக்குச் சிந்தனை. மூன்றாவது, உள்ளே பார்க்காமல் வெளியே நடந்ததையே சொல்லிக்கொண்டிருப்பது. “வருவான், சாப்பிடுவான், படுத்துக்குவான்.”

தப்பிருந்தால் சொல்லுங்கள்.

---

அண்ணே, வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன், மனநலப் பிரிவில் நர்ஸ்.

‘பிடிபடாமை’ எனக்குச் சம்மதம், ஒரு பயம் மட்டும் இருக்கிறது. “கணக்கு பிடிபடலை” என்றால் பையன் மண்டு என்றும் அர்த்தம் எடுப்பார்கள். இது நோயும் இல்லை, அறிவுக் குறையும் இல்லை, கூடக் குறைய எல்லாரிடமும் இருக்கிற ஒரு தன்மை என்று கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று, இதனால்தான் வலி கூடுகிறது என்கிற மாதிரி எழுதிவிடாதீர்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது, சரி. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே வருகிறது, அதிலும் முதல் கூறு, அந்த இனங்காணும் இடர், மன உளைச்சலோடு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் மனச்சோர்வைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் பார்த்தால் வலியின் அளவோடு இதற்குள்ள தொடர்பு பல ஆய்வுகளில் இளைத்துப்போகிறது. பெரும்பாலும் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்ட ஆய்வுகள்தான், எது முந்தி எது பிந்தி என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. வருஷக் கணக்கில் வலியோடு கிடந்தாலே மனசு மரத்துப்போகும், அதையும் யோசிக்கணும். “அப்ப என் வலி மனசுலதான்னு சொல்றீங்களா?” என்று ஒருவர் கேட்டால் கையேடு அங்கேயே தோற்றது. வேண்டுமானால் உலக வலி ஆய்வுச் சங்கத்தின் வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள், 1979இல் எழுதி 2020இல் திருத்தினார்கள், வலி என்பதே உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று அதில் இருக்கிறது. எல்லார் வலியும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் குற்றம் சொன்ன மாதிரி இருக்காது.

இதற்கு எதிர்ச்சொல்லாக ‘உணர்வுப் பிடிப்பு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணன் கிளினிக்கில் அதைச் சொன்னால் எண்ணெய் தேய்க்கச் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். ‘உணர்வறிதல்’ போதும்.

கடைசியாக, வார்டில் நான் தினமும் கேட்கிற வரி “ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்”. எந்த மாதிரி என்றால் பதில் வராது. கலைச்சொல்லை நாம் இங்கே முடிவு பண்ணிக்கொள்ளலாம், ஆனால் கையேட்டின் முதல் பக்கத்தில் அதைப் போடாதீர்கள்.

---

தங்கச்சி சொன்ன நாலும் சரி. இப்போதைக்கு முடிவு: உணர்வு பிடிபடாமை, அதற்கு எதிர் உணர்வறிதல். மண்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ‘இது நோயல்ல, ஒரு தன்மை’ என்று சொல்லுக்குக் கீழேயே போட்டுவிட்டேன். சொல்லையும் நாலாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். ‘வலியைக் கூட்டும்’ என்று எழுதியிருந்ததை ‘வலியோடு சேர்ந்து வரலாம்’ என்று மாற்றியாயிற்று.

முதல் பக்கத்தில் இப்போது இருப்பது இதுதான்: “வலி கூடும் நேரத்தில் உள்ளுக்குள் ஏதோ செய்கிறது, என்னவென்று பிடிபடவில்லை என்று உங்களுக்கு இருந்ததுண்டா?” நேற்று அந்தக் கழுத்துவலி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “ஏதோ செய்கிறதுன்னா என்ன தம்பி, என்னமோ பண்ணுதுன்னு எழுதேன்” என்றார். அச்சுக்கு வெள்ளிக்கிழமை போகணும். எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்கிறவர்கள் அதற்குள் சண்டைக்கு வரலாம், இல்லையென்றால் ‘என்னமோ பண்ணுது’ என்றே விட்டுவிடுகிறேன்.