வாட்டர் சாஃப்ட்னர் வாங்கப் போறீங்களா? முதல்ல தண்ணியை அளந்து பாருங்க

புதுசா வந்து வீடு வாங்கினவங்க இதை அடிக்கடி கேக்கறாங்க: கெட்டில் அடியில வெள்ளை வெள்ளையா படியுது, ஷவர் துளை அடைச்சுக்குது, எந்த சாஃப்ட்னர் நல்லது? எந்த மாடல்னு யோசிக்கறதுக்கு முன்னாடி உங்க தண்ணியோட கடினத்தன்மை எவ்வளவுன்னு தெரிஞ்சாகணும்.

நம்மள்ல பாதிப் பேர் பெட்டியிலயே டிடிஎஸ் மீட்டர் வச்சிருப்போம். அது இதுக்கு உதவாது. கரைஞ்சிருக்கற எல்லாத்தையும் சேர்த்துத்தான் அது காட்டும். கடினத்தன்மைன்னா பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும்தான். சாஃப்ட்னர் அந்த ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்தை விடும். அதனால மெஷின் ஒழுங்கா ஓடினாலும் டிடிஎஸ் குறையாது. இது தெரியாம "ஏமாத்திட்டான்"னு கம்பெனிக்காரங்களோட சண்டை போடறவங்க உண்டு.

கடினத்தன்மைக்குன்னே டெஸ்ட் ஸ்ட்ரிப், சொட்டு கிட் கிடைக்குது. குழாய்த் தண்ணின்னா சப்ளை பண்றவங்களோட தர அறிக்கையிலயே பெரும்பாலும் போட்டிருக்கும். கிணத்துத் தண்ணின்னா லேபுக்கு அனுப்பி இரும்பையும் சேர்த்துப் பாருங்க, சாஃப்ட்னருக்குள்ள கால்சியத்தைப் பிடிக்கற ரெசின் மணிகளை இரும்பு கெடுக்கும். லிட்டருக்கு 120 மில்லிகிராமைத் தாண்டினா கடின நீர், 180-ஐத் தாண்டினா ரொம்பக் கடினம். 120-க்குக் கீழன்னா நான் வாங்க மாட்டேன். சில இடத்துல கிரெய்ன்கிற எடை அளவுல சொல்வாங்க. கேலனுக்கு 1 கிரெய்ன்னா லிட்டருக்கு 17.1 மில்லிகிராம்.

"இலவச டெஸ்ட்"னு வீட்டுக்கு வர்றவங்க தண்ணியில சோப்பைக் கலந்து திரிதிரியா காட்டுவாங்க. கடின நீர் எதுவா இருந்தாலும் திரியத்தான் செய்யும். நம்பரை மட்டும் வாங்கிக்கிட்டு அனுப்பி வைங்க. இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் தள்ளுபடின்னா நாளைக்கு யோசிக்கலாம்.

சைஸ் விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நாலு பேர் ஒரு நாளைக்கு 1000 லிட்டர் செலவு பண்றாங்க, கடினத்தன்மை 300-ன்னு வைங்க. தினமும் 300 கிராம், அதாவது சுமார் 4,600 கிரெய்ன் எடுக்கணும். சாஃப்ட்னர் பெட்டியில 32,000 கிரெய்ன்னு போட்டிருந்தா, அது ஒவ்வொரு ரீஜெனரேஷனுக்கும், அதாவது ரெசினை உப்புத் தண்ணியால கழுவிப் புதுப்பிக்கறதுக்கு, உப்பை அள்ளிக் கொட்டினா வர்ற கணக்கு. சிக்கனமா உப்பு வச்சா 20,000 சொச்சம்தான் தேறும். அப்படின்னா நாலஞ்சு நாளைக்கு ஒருமுறை ரீஜெனரேஷன், அது சரியான அளவு. டைமர் மாடல் வேண்டாம், ஊருக்குப் போயிட்டாலும் அது பாட்டுக்கு உப்பைக் கரைச்சுக்கிட்டிருக்கும். ஓடின தண்ணியை அளக்கற மீட்டர் மாடலா பாருங்க.

"உப்பில்லாத சாஃப்ட்னர்"னு விக்கறதெல்லாம் கால்சியத்தை எடுக்காது. சிலது படியறதைக் குறைக்கும், அவ்வளவுதான். குழாயில காந்தம் கட்டறதுக்குக் காசு கொடுக்காதீங்க.

சமையலறை பச்சைத் தண்ணிக் குழாயையும் தோட்டக் குழாயையும் சாஃப்ட்னர்ல சேர்க்காம தனியா விடச் சொல்லுங்க. 300 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 138 மில்லிகிராம் சோடியம் கூடும். பிபி இருக்கறவங்களும் பால்பவுடர் கலக்கற வீடும் கவனிக்கணும். பொட்டாசியம் உப்பு போடலாம்னா, சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.

குளிச்சா சோப்பு போகாத மாதிரி வழவழன்னு இருக்கும், பயப்படாதீங்க. துணி சோப்பைப் பாதியாக் குறைச்சாலே போதும்.

உப்புத் தொட்டி நிறைஞ்சிருந்தும் கெட்டில் திரும்ப வெளுக்குதா? மேல உப்பு பாளமா இறுகியிருக்கும், அடியில காலியா இருக்கும். துடைப்பக் கட்டையை விட்டு மெதுவா குத்தி உடைங்க. அடுத்த தடவை தொட்டியை விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க.