அப்பா ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு சுகர் மாத்திரையை நிறுத்தப் போகிறார். எதை வைத்து அந்தப் புத்தகத்தை எடை போடுவது?

பூட்டு ஊர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், திண்டுக்கல்லில் அம்மாவுடன் இருக்கிறார். நான் திருப்பூரில் வேலை. அவருக்கு சுகர் வந்து 11 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும், கிளைமிபிரைடு 2 மி.கி. காலையில், பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. போன சித்திரையில் சுகருக்கு இன்னொரு மாத்திரையாக டாபாகிளிஃப்ளோசின் 10 சேர்த்தார்கள். கடைசியாக எடுத்த மூன்று மாத சுகர் 8.9. கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. எடை 74 கிலோ.

காலையில் வாக்கிங் போகும் இடத்தில் ஒரு நண்பர் அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார். சோறு, இட்லி, தோசை, பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். இரவு 7 மணியிலிருந்து மறுநாள் 11 மணி வரை பட்டினி. காலையில் பச்சைப் பசலைக்கீரையை அரைத்து ஒரு பெரிய டம்ளர். சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு. 21 நாளில் மாத்திரைகளை விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறது. கூடவே 40 பேருக்கு மேல் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தபோது புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். டிக்கெட் கிழித்த காலத்தில் கணக்கு எழுதிய அதே குண்டுக் கையெழுத்தில், ஓரத்தில் தேதி: எந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று. ஒரு இடத்தில் "அண்ணனுக்கு இது தெரியாமல் போச்சு" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு மேற்கொண்டு பேச வாய் வரவில்லை. பெரியப்பா மூன்று வருடம் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய், கடைசியில் இறந்து போனார். கூட்டிக்கொண்டு போனவர் அப்பாதான். "மாத்திரைதான் அண்ணன் கிட்னியைத் தின்னுடுச்சு" என்று இன்றுவரை நம்புகிறார்.

அவர் எதையும் விசாரிக்காமல் செய்கிற ஆள் இல்லை. பார்க்கும் டாக்டரிடம் கேட்டாராம். "அதெல்லாம் வேண்டாம், மாத்திரையைப் போடுங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்களாம். புத்தகம் 180 பக்கம் அவரோடு உட்கார்ந்து பேசுகிறது. அவர் எதை நம்புவார், சொல்லுங்கள்.

என் கேள்வி இதுதான். இந்த உணவு முறையில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று என்னைப் போன்ற ஆள் எப்படிப் பார்ப்பது? "எல்லாம் டூப்பு" என்று நான் சொன்னால் கேட்கமாட்டார். அடுத்த திங்கட்கிழமை தொடங்குவதாக இருக்கிறார்.

தோவாளைப்பூ:

தம்பி, முதலில் ஒன்று. திங்கட்கிழமைக்கு முன்னால் அப்பாவிடம் போனில் பேசி, கிளைமிபிரைடு போட்டுக்கொண்டே சோற்றை மட்டும் நிறுத்தும் வேலையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

எங்கள் அம்மா விஷயத்தில் நான் பட்டது இது. 2019இல் அம்மாவும் ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். அந்தப் புத்தகம் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் அம்மா எதையும் குறைக்கவில்லை. சோறு மட்டும் போய்விட்டது. நான்காம் நாள் விடியற்காலை 3 மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். "பஸ் வந்துட்டா?" என்று என்னிடம் கேட்கிறார். நைட்டி முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது, நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மிஷினில் பார்த்தேன், 41. சர்க்கரை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 78க்கு வந்தது. அத்தோடு முடிந்தது என்று படுத்துவிட்டேன். காலை 6 மணிக்கு மறுபடி 52. அம்மா போட்டதும் கிளைமிபிரைடுதான், அது அப்படித்தான். ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதாது, மாத்திரையின் வேகம் உடம்பில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப இறங்கும். கிட்னி கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு அது இன்னும் நீளும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உங்கள் அப்பாவுக்கு கிரியாட்டினின் 1.4 என்று படித்ததும் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

அம்மா இப்போதும் சோறு குறைவாகத்தான் சாப்பிடுகிறார், நன்றாகவும் இருக்கிறார். அந்த உணவு முறை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மாத்திரையை எப்போது எவ்வளவு குறைப்பது என்று சொல்லாமல் சோற்றை நிறுத்தச் சொன்னதுதான் தப்பு. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் இப்போது அதைத்தான் முதலில் தேடுவேன். யாரெல்லாம் இதைச் செய்யக் கூடாது என்று ஒரு பக்கமாவது இருக்கிறதா? கர்ப்பிணி, இன்சுலின் போடுகிறவர், கிட்னிக்காரர் என்று பேராவது சொல்லியிருக்கிறதா? எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால் நான் மேற்கொண்டு புரட்டுவதில்லை.

காவேரிக்கரை:

நான் மறுபக்கத்து ஆள். எனக்கு இந்த வழி பலன் கொடுத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

44 வயதில் சுகர் கண்டுபிடித்தார்கள். அப்போது எடை 92, மூன்று மாத சுகர் 8.2. மெட்ஃபார்மின் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். காலையில் இரண்டு முட்டை, மதியம் ஒரு கரண்டி சோறு, தட்டில் பாதிக்குக் கீரையும் காயும், மாலையில் சுண்டல், இரவு பனீர் அல்லது மீன். ஒன்பது மாதத்தில் 79 கிலோ, சுகர் 6.1. மெட்ஃபார்மினை டாக்டர் பாதியாகக் குறைத்தார், பிறகு நிறுத்தினார்.

அப்பாவிடம் என் கதையைக் காட்டினால் "பார்த்தாயா" என்பார். அதனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்குச் சுகர் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எடை கூடுதலாக இருந்தது, இறக்குவதற்கு இடம் இருந்தது. 11 வருடச் சுகருக்கும் அதற்கும் வித்தியாசம் நிறைய.

இதில் ஒழுங்காகச் செய்த ஆராய்ச்சியும் உண்டு. பிரிட்டனில் டைரக்ட் என்று ஒன்று, 2017இல் வந்தது, 306 பேர். பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டும், சூப், ஷேக் மாதிரி. ஒரு வருடம் கழித்து அந்தப் பாதியில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சுகர் அளவுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த மறுபாதியில் அது 4 சதவீதம்தான். இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. ஆக, சுகரைப் பின்வாங்க வைக்க முடியும் என்பது பொய் இல்லை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் சுகர் வந்து ஆறு வருடத்துக்குள், யாரும் இன்சுலின் போடுகிறவர் இல்லை, எல்லோருக்கும் எடை அதிகம். மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள், ஆனால் நிறுத்தியது கிளினிக். அவர்களே கண்காணித்தார்கள், பிரஷர் ஏறினால் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள்.

அப்பா புத்தகத்தில் அனுபவம் சொன்ன அந்த 40 பேரில் எத்தனை பேர் தங்களுக்குச் சுகர் வந்து எத்தனை வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள். பாதியில் விட்டவர், மயங்கி விழுந்தவர் யாராவது அதில் இருக்கிறாரா? இருக்கமாட்டார். அப்புறம் "21 நாளில்" என்பதையும் பாருங்கள். மூன்று மாத சுகர் என்பதே ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. 21 நாளில் எடுத்த வெறும் வயிற்றுச் சுகரை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் அந்த அளவு 6.5க்குக் கீழே இருந்தால்தான் பின்வாங்கியது என்று கணக்கு.

இன்னொன்று. சோற்றை விட்டு சாமை, வரகுக்கு மாறச் சொல்லும் புத்தகமும் அவர் கையில் கிடைக்கும். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், சாமையிலும் வரகிலும் 65 கிராம் வாக்கில். நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டால் அந்த வித்தியாசம் தட்டிலேயே போய்விடும்.

பழைய லேப்காரர்:

22 வருடம் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். மருத்துவன் இல்லை, ஆனால் இந்த ரிப்போர்ட்டுகளோடுதான் வாழ்ந்தேன்.

61 வயது ஆணுக்கு கிரியாட்டினின் 1.4 என்றால் கிட்னி வடிகட்டும் அளவு, ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று போடுவார்கள், கணக்கில் 57 வாக்கில் வரும். பயப்பட வேண்டியதில்லை, கவனிக்க வேண்டிய இடம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் புத்தகத்தில் என்னை உறுத்துவது கீரை ஜூஸ். பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், கிட்னியில் கல் உண்டாக்கும் சத்து அது. வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் நிறையக் குறையும். பச்சையாக அரைத்துத் தினம் ஒரு டம்ளர் என்றால் அது அத்தனையும் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதில் பொட்டாசியமும் அதிகம், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை. வாரம் இரண்டு நாள் கீரை மசியல் சாப்பிடுவது வேறு, இது வேறு. இந்துப்பு மீது நம்பிக்கை வைக்க ஒன்றும் இல்லை, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் போட்டிருப்பார்கள்.

டாபாகிளிஃப்ளோசின் போடுகிறவர் மாவுச்சத்தை அறவே நிறுத்தினாலோ நீண்ட பட்டினி கிடந்தாலோ ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதில் மோசம் என்னவென்றால், மிஷினில் பார்த்தால் சுகர் பெரிதாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் "சுகர் நார்மல்தானே" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் புத்தகத்தில் இந்த மாத்திரையின் பெயராவது இருக்கிறதா?

உங்கள் பெரியப்பாவைப் பற்றி. அந்த வருத்தத்தைத் தொட நான் யார். ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கிட்னியைத் தின்பது பெரும்பாலும் பல வருடம் கட்டுப்படாத சுகரும் பிரஷரும்தான். கிட்னி தளர்ந்த பிறகு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள், ஒரு கட்டத்தில் நிறுத்துவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாத்திரைதான் காரணம்போலத் தோன்றும். அவர் போடும் டெல்மிசார்டனும் டாபாகிளிஃப்ளோசினும் கிட்னியைக் காப்பாற்றவும் கொடுக்கப்படுபவை. அண்ணனுக்கு வந்தது தனக்கு வரக் கூடாது என்று நினைத்து, கிட்னிக்குக் காவலாக இருக்கும் மாத்திரையையே நிறுத்தப் போகிறார். மூட்டு வலிக்கு அடிக்கடி கடையில் வாங்கிப் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் விட வேண்டும்.

பூட்டு ஊர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன்.

நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்தே காட்டினேன். அக்கா எழுதிய மூன்று மணி விஷயத்தை அம்மா இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். லேப்காரர் ஐயா பெரியப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே எழுந்து போய் புத்தகத்தை எடுத்து வந்து, டாபாகிளிஃப்ளோசின் என்ற பெயரை முதல் பக்கத்திலிருந்து தேடினார். ஒன்றரை மணி நேரம். எங்கும் இல்லை. மூட்டு வலி மாத்திரை ஒரு அட்டை அலமாரியில் இருந்தது, நான்கு மாதமாகப் போடுகிறாராம். எங்கள் யாருக்கும் தெரியாது.

வேறொரு டாக்டரைப் பார்த்தோம். புத்தகத்தையும் கையோடு கொண்டு போனோம். அப்பா கோடு போட்ட பக்கங்களை அவர் வாங்கிப் பார்த்தார். சோற்றைக் குறைப்பது நல்லது, ஆனால் அறவே நிறுத்த வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், 16 மணி நேரப் பட்டினியும் கீரை ஜூஸும் கூடாது என்றார். கிளைமிபிரைடை 1 மி.கி. ஆக்கினார். டாபாகிளிஃப்ளோசினை விடவே கூடாது என்றார், காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாமல் போகும் நாளில் மட்டும் அதைப் போடாமல் தனக்குப் போன் செய்யச் சொன்னார். சிறுநீர் ஆல்புமினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வலி மாத்திரை அட்டையை அவர் மேசையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது மதியம் ஒரு கிண்ணம் சோறு, அம்மா அளந்து போடுகிறார். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சுகர் பார்த்து அதே சிவப்புப் பேனாவால் எழுதுகிறார். நேற்று மதியம் சாப்பாட்டுக்கு முன் 118, இரண்டு மணி நேரம் கழித்து 171. போனில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

காவேரிக்கரை அண்ணா, நீங்கள் சாப்பிடும் சுண்டலை அவரும் தினமும் கேட்கிறார். கிட்னி அளவைப் பார்த்து எவ்வளவு என்று டயட்டீஷியனிடம் கேட்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை போகிறோம்.