ஜூன் சம்பளத்தில் ஜூமின்ஜெய் (ஜப்பானின் குடியிருப்பு வரி) பல மடங்கு ஏறிவிட்டது – கம்பெனி தவறாகப் பிடித்துவிட்டதா?

பொருநைக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். தோக்கியோ நிஷிகசாயில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. 2023 செப்டம்பரில் வந்தேன். ஆண்டுச் சம்பளம் 40 லட்சம் யென், வந்த நாளிலிருந்து ஏறவில்லை. போன மாதம் வரை ஜூமின்ஜெய் என்று சம்பளச் சீட்டில் 500 யென் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூன் சீட்டைப் பார்த்தால் 14,000-க்கும் மேல்! கம்பெனியில் கேட்டேன். "குயாகுஷோ (வட்டார அரசு அலுவலகம்) அனுப்பிய தொகையைத்தான் பிடிக்கிறோம்" என்று முடித்துக்கொண்டார்கள்.

வாடகை, சாப்பாடு, ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதம் 40,000 யென் எல்லாம் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். இதில் மாதம் 14,000 குறைவது பெரிய அடி. என் கேள்விகள்: இது தவறா? தவறில்லை என்றால் குறைக்க வழி இருக்கிறதா? அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62. 2024 ஜனவரியிலிருந்து பணம் முழுவதும் அப்பாவின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அதைக் காட்டினால் வரி குறையும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? பின்னால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணமும் இருக்கிறது.

சுமிதா ஆற்றோரம்:

தம்பி, போன வருடத்திலிருந்து காட்டு வரி என்று 1,000 யென் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஏற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஃபுருசாத்தோ நோசெய் (வேறோர் ஊருக்கு நன்கொடை கொடுப்பது) பண்ணுங்கள், வரி குறைந்துவிடும். நான் வருடா வருடம் அரிசி வாங்குகிறேன்.

கசாய் மீனா:

தம்பி, கம்பெனி தவறு செய்யவில்லை. நான் இங்கே ஒரு அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பவள். ஜூன் வந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகள் யாராவது இதே கேள்வியோடு வந்து நிற்பார்கள். வேலையில் சேரும்போதே யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஜூமின்ஜெய் இந்த மாதச் சம்பளத்துக்கான வரி அல்ல. போன ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு இந்த ஆண்டு ஜூன் முதல் அடுத்த மே வரை கட்டுவது. ஜனவரி 1 அன்று எந்த ஊரில் முகவரி பதிந்திருக்கிறதோ அந்த ஊருக்குப் போகும். நீங்கள் 2023-இல் வேலை செய்தது நாலே மாதம். அந்த வருமானத்தில் கழிவுகள் போக வரிக்கு மிஞ்சியது மிகக் கொஞ்சம். போதாததற்கு 2024-இல் அரசு ஒருமுறைச் சலுகையாக ஆளுக்கு 10,000 யென் ஜூமின்ஜெய்யில் குறைத்தது. அதனால்தான் உங்களுக்கு 500 யென் வந்தது. சொல்லப்போனால் அந்த 500-தான் அசாதாரணம். 2024 முழுக்க வேலை செய்தீர்கள், இப்போது முழு ஆண்டுக் கணக்கு வந்திருக்கிறது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், சரிபாருங்கள். 40 லட்சத்தில் சம்பளக்காரருக்கான கழிவு 12,40,000 போனால் 27,60,000. சமூகக் காப்பீடு ஏறத்தாழ 6 லட்சம், அடிப்படைக் கழிவு 4,30,000. மிச்சம் 17,30,000. அதில் பத்து சதவீதம் 1,73,000. சிறு சரிக்கட்டல் 2,500 குறையும், தலைக்கு 5,000 சேரும். ஆக 1,75,500. பன்னிரண்டால் வகுத்தால் 14,600 சொச்சம். உங்கள் சீட்டோடு பொருந்துகிறதா?

சுமிதா சார் சொன்ன காட்டு வரி 2024-இல் வந்தது உண்மைதான். ஆனால் 2011 பேரிடருக்குப் பிறகு வசூலித்துவந்த 1,000 யென் 2023-ஓடு நின்றது, அந்த இடத்தில் இது வந்தது. தலைக்கு 5,000 என்பது மாறவே இல்லை. ஃபுருசாத்தோ நோசெய்யும் வரியைக் குறைக்காது. அடுத்த ஆண்டு கட்டவேண்டியதை முன்கூட்டியே வேறோர் ஊருக்குக் கொடுத்துவிட்டு, கூடுதலாக 2,000 யென் நம் கையிலிருந்து போட்டு, பதிலுக்கு அரிசியோ பழமோ வாங்குகிறோம். வீட்டுச் செலவில் அரிசி மிச்சமாகும், நல்லதுதான். ஆனால் கையில் பணமில்லாமல் தவிக்கும் பையனிடம் முன்பணம் போடச் சொல்வது இப்போதைக்குச் சரிவராது.

அப்பா அம்மா விஷயத்தில்தான் உங்களுக்கு உண்மையான வழி இருக்கிறது. விவரமாக எழுதவேண்டும், இரவு எழுதுகிறேன்.

பொருநைக்கரையான்:

அக்கா, மிக்க நன்றி. 14,600 அப்படியே பொருந்துகிறது. காத்திருக்கிறேன்.

கசாய் மீனா:

வெளிநாட்டில் இருக்கும் உறவினரை நம்மைச் சார்ந்தவர் என்று காட்டி வரிக்கழிவு வாங்கும் விதி 2023-இலிருந்து இறுகிவிட்டது. 30 முதல் 69 வயதுக்குள் இருப்பவர் என்றால், அவர் ஜப்பானிலிருந்து படிப்பதற்காக வெளிநாடு போனவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருக்கவேண்டும். இல்லையென்றால் அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு அந்த ஆண்டில் 3,80,000 யென் அல்லது அதற்கு மேல் நீங்கள் அனுப்பியிருக்கவேண்டும். 70 வயது ஆனவர்களுக்கு அந்தத் தொகை வரம்பு இல்லை, ஆனால் அனுப்பிய சான்று அவர்களுக்கும் வேண்டும்.

நீங்கள் அப்பா கணக்குக்கு 2024-இல் அனுப்பியது 4,80,000. அப்பாவை மட்டும் காட்டலாம், அம்மாவைக் காட்ட முடியாது. வீட்டில் இருவருமே அந்தப் பணத்தில்தான் சாப்பிடுகிறார்கள் என்றாலும் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கணக்கு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கே பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து இருவர் கணக்குக்கும் அனுப்பிவிடாதீர்கள். தலைக்கு 2,40,000 ஆகி இரண்டு பேருமே வரம்புக்குக் கீழே போய்விடுவார்கள். அம்மாவையும் சேர்க்க வருடத்துக்கு 7,60,000 அனுப்பவேண்டியிருக்கும். வரிக்காக அவ்வளவு அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊரில் மருத்துவச் செலவு போல உண்மையான தேவை வந்தால் அப்போது அம்மா கணக்குக்கே அனுப்புங்கள்.

அப்பாவைச் சேர்த்தால் 2024 கணக்கில் ஜூமின்ஜெய் 35,000 அளவில் குறையும். வருமான வரியில் 19,000-க்குச் சற்று மேல் திரும்ப வரும். காலம் கடந்துவிடவில்லை. பணம் திரும்பக் கேட்டுத் தாக்கல் செய்ய, அந்த ஆண்டு முடிந்த மறுநாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. செய்முஷோவுக்கு (வரி அலுவலகம்) நேரில் போகலாம், மைநம்பர் அட்டை (அரசு அடையாள அட்டை) இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம்.

இரண்டு வகைச் சான்று வேண்டும். உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பா பெயர் இருக்கும், ஆனால் அவருடைய பிறந்த தேதியும் முகவரியும் இருக்காது. அதற்கு அவருடைய பாஸ்போர்ட் நகல் சேருங்கள். நம் ஊர்க் காகிதங்களில் ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர், மூன்றாவதில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருப்பது வழக்கம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஏதாவது ஒரு அரசுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, பணம் அனுப்பியதற்கான வங்கி அல்லது பணப்பரிமாற்ற நிறுவனத்தின் அறிக்கை. அனுப்பியவர், பெற்றவர், தேதி, தொகை நான்கும் தெரியவேண்டும். ஊருக்குப் போகிற நண்பர் கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்குக் கணக்கில்லை. எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும், நீங்களே எழுதலாம்.

2024-இல் ஃபுருசாத்தோ நோசெய் செய்து, தாக்கல் வேண்டாம் என்று ஒன்ஸ்டாப் படிவம் அனுப்பியிருந்தீர்களா? அப்படியென்றால் கவனம். இப்போது தாக்கல் செய்த உடனே அந்தப் படிவம் செல்லாமல் போகும். நன்கொடையையும் இந்தத் தாக்கலிலேயே சேர்த்து எழுதவேண்டும்.

அடுத்த முறை இந்த அலைச்சல் வேண்டாம். ஆண்டு இறுதியில் கம்பெனி நென்மாட்சு சோசெய் (ஆண்டு இறுதி வரிச் சரிசெய்தல்) படிவம் தரும்போதே அப்பா பெயரை எழுதி, சான்றுகளையும் கொடுத்துவிடுங்கள்.

யாழ்_நாகோயா:

மீனா அக்கா, நீங்கள் எழுதினது நல்லாப் பிரயோசனமா இருக்கு. நான் நாகோயாவில இருக்கிறன். நான் வேலை செய்த இடத்தை மார்ச் 31-ஓட மூடிப்போட்டினம். கடைசிச் சம்பளத்தில மே வரைக்குமான ஜூமின்ஜெய்யை ஒரேயடியா வெட்டிப்போட்டுத்தான் தந்தவை. இப்ப ஜூனில திரும்பவும் ஒரு கடிதம், நாலு தவணையா முழு வருசத்துக்கும் கட்டட்டாம். கொகுஹோ எண்ட அரசு மருத்துவக் காப்புறுதிக்கு வேறயா ஒரு கடிதம். வேலையே இல்லாமல் இதை என்னெண்டு கட்டுறது? கொஞ்சநாள் கட்டாமல் விட்டால் என்ன செய்வினம்?

கசாய் மீனா:

தம்பி, கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். தவணை தாண்டினால் நினைவூட்டல் கடிதம் வரும். அதிலிருந்து பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் வங்கிக் கணக்கையோ சம்பளத்தையோ முடக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

முதலில் கொகுஹோவைப் பாருங்கள், உங்களுக்குப் பெரிய நிவாரணம் அங்கேதான். உங்கள் விருப்பமில்லாமல் வேலை போனவர்களுக்கு, 65 வயதுக்குக் கீழே இருந்தால், போன ஆண்டுச் சம்பள வருமானத்தை நூற்றுக்கு முப்பது என்று வைத்துத்தான் காப்பீட்டுத் தொகை கணக்கிடுவார்கள். ஹலோவர்க் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) தந்த வேலையின்மைக் காப்பீட்டுச் சான்றில் வேலை நின்ற காரணத்துக்கு ஒரு எண் இருக்கும். 11, 12, 21, 22, 23, 31, 32, 33, 34 இவற்றில் ஒன்றா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்தச் சான்றோடு குயாகுஷோவுக்குப் போய் விண்ணப்பியுங்கள். தானாகக் குறைக்கமாட்டார்கள், நாம் போய்க் கேட்கவேண்டும். நீங்கள் மார்ச் 31-இல் நின்றதால் 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை இந்தக் கணக்கு செல்லும், இடையில் புது வேலையில் சேர்ந்து கம்பெனிக் காப்பீட்டுக்கு மாறாத வரைக்கும்.

ஜூமின்ஜெய்க்கு அந்த முப்பது சதவீத விதி கிடையாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதல் தவணைத் தேதிக்கு முன்பே வரிப் பிரிவுக்குப் போங்கள். வேலை போன நிலையைச் சொல்லி, தள்ளுபடிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஊரின் விதியும் வேறு. இல்லை என்றால், மாதா மாதம் சிறு தொகையாகப் பிரித்துக் கட்டக் கேளுங்கள். முன்னாலேயே வந்து பேசுகிறவருக்கும், மூன்று கடிதத்துக்குப் பிறகு பிடிபடுகிறவருக்கும் அங்கே கிடைக்கும் பதில் வேறு.

யாழ்_நாகோயா:

சான்றில 11 எண்டுதான் கிடக்கு அக்கா. நாளைக்கே போறன். இன்னொண்டு, வேலை கிடைக்காமல் டிசம்பரில ஊருக்குத் திரும்பினால்?

கசாய் மீனா:

ஜனவரி 1-க்கு முன் முகவரியை நீக்கிவிட்டு நிரந்தரமாகப் போனால் 2025 வருமானத்துக்கு அடுத்த ஜூனில் வரி வராது. இந்த ஆண்டுக் கடிதத்தில் உள்ளது மட்டும் நிற்கும். போகும் முன் கட்டி முடியுங்கள், அல்லது இங்கே இருக்கும் ஒருவரை வரிப் பொறுப்பாளராகப் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பொருநைத் தம்பி, நிரந்தர வசிப்புரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை விசாவிலிருந்து விண்ணப்பிப்பவரிடம் ஐந்து ஆண்டு ஜூமின்ஜெய் சான்று கேட்பார்கள். கட்டினீர்களா என்பதோடு, தேதிக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். சம்பளத்தில் பிடிக்கும்வரை பயமில்லை, கம்பெனி கட்டிவிடும். ஆபத்து கம்பெனி மாறும் இடைவெளியில்தான். பழைய கம்பெனி பிடிப்பதை நிறுத்தியிருக்கும், புதியது தொடங்கியிருக்காது, நடுவில் ஒரு தவணைச் சீட்டு வீட்டுக்கு வரும். வீடும் மாறியிருந்தால் அது கண்ணில் படாமலே போகும். நன்றாகச் சம்பாதிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த ஒரு சீட்டால் விண்ணப்பம் மறுக்கப்பட்டதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறது. வேலை மாறும்போது இரண்டு கம்பெனியிலும் கேட்டு, பிடித்தம் தொடர ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சீட்டு வந்தால் கன்வீனி கடையில் கட்டி, முத்திரை பதித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2024-இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, வேண்டுமென்றே வரி கட்டாதவரின் நிரந்தர வசிப்புரிமையைப் பறிக்கவும் வழி செய்துவிட்டார்கள். எனவே கிடைத்த பிறகும் இதே கவனம் வேண்டும்.

பொருநைக்கரையான்:

அக்கா, நிலவரம் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் சேர்ந்தும் இருந்தது. நீங்கள் சொன்னபடி என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்க நகலையும் சேர்த்தேன், அதில் அப்பாவின் முழுப்பெயர் இருக்கிறது. செய்முஷோவில் ஏற்றுக்கொண்டார்கள். வருமான வரியில் 19,000 சொச்சம் வங்கிக்கு வந்துவிட்டது. குயாகுஷோவிலிருந்து கம்பெனிக்குத் திருத்திய கடிதம் வந்து, செப்டம்பர் சம்பளத்திலிருந்து ஜூமின்ஜெய் 10,700 ஆகிவிட்டது. யாழ் நண்பரே, உங்கள் காரியம் என்ன ஆயிற்று?

யாழ்_நாகோயா:

கொகுஹோவை நல்லாக் குறைச்சுப்போட்டினம். ஜூமின்ஜெய்யை மாதத் தவணையாப் பிரிச்சுத் தந்திருக்கினம், இரண்டு மாதம் கட்டிட்டன். போன கிழமை ஒரு இடத்தில நேர்முகம் முடிஞ்சுது. வேலை கிடைச்சால் மிச்சத்தைச் சம்பளத்தில பிடிக்கச் சொல்லி முதல் நாளே கேட்பன், அக்கா.