படுக்குமுன் கதை படித்தால் மன அழுத்தம் குறையுமா?

கேள்வி: அலுவலகக் கணக்குகள் படுக்கை வரை துரத்துவதால் உறக்கம் பிடிப்பதில்லை. இரவில் கதைப் புத்தகம் படிப்பது உண்மையிலேயே பயன் தருமா?

பதில் 1: தரும். கதையில் மனம் ஊன்ற ஊன்ற, மூச்சு சீராகி, இறுகிய தோள்கள் தளர்வதை நானே உணர்ந்திருக்கிறேன். கைப்பேசியில் மட்டும் படிக்காதீர்கள். அதன் வெளிச்சம் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்தக்கூடும்.

பதில் 2: 50 வயதைக் கடந்த 3,635 அமெரிக்கர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளைக் கொண்டு யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகம் படிப்போர் படிக்காதோரைவிடச் சராசரியாக 23 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தது தெரியவந்தது. வாசிப்பே அதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதில் 3: துப்பறியும் கதை மட்டும் வேண்டாம், ஐயா, கொலையாளி யாரென்று தெரியாமல் விளக்கை அணைக்க மனம் வராது.