இம்பிரேசாவுக்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 தான் வேண்டுமா?

சீனக்குடாக்காரன்:
திருகோணமலை வாகனக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு சுற்றிய குரல் பதிவைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. "சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ் காருக்கு 95 ஒக்டேன் அடிப்பவர் காசைக் கடலில் கொட்டுகிறார், அமெரிக்கக் கையேட்டிலேயே 91 என்றுதான் இருக்கிறது, எங்களுடைய 92 அதைவிட ஒன்று கூட" என்கிறது அந்தப் பதிவு. இதை நம்பி யாராவது 92 அடித்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பம்பில் இருக்கும் எண்ணும் எங்கள் ஷெட்டில் இருக்கும் எண்ணும் ஒரே கோலால் அளந்தவை அல்ல. எங்களுடையது ஆர்ஓஎன், அதாவது ஆய்வு முறையில் அளந்த ஒக்டேன் எண். அமெரிக்காவில் அதனோடு, இன்னும் கடுமையான நிலையில் அளக்கப்படும் எம்ஓஎன் (மோட்டார் முறை) எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். அந்த இரண்டாவது எண் வழமையாக 8 முதல் 10 வரை குறைவாக இருக்கும். ஆகவே அமெரிக்காவின் 91 இங்கே ஏறத்தாழ 95 அல்லது 96. எங்களுடைய 92 அங்கே 87 என்று விற்கும் சாதாரணப் பெற்றோல்.

நிலாவெளி வீதி:
அந்தக் குரல் என்னுடையது. பெயரை மறைத்து எழுதியதற்கு நன்றி, ஆனால் எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை. என் டபிள்யூஆர்எக்ஸ் 40,000 கிலோமீற்றருக்கு மேல் 92இலேயே ஓடியிருக்கிறது. கையேட்டில் 91 என்று அச்சடித்திருக்கிறது. 92 என்பது 91ஐ விடக் கூடியது. இதற்கு வகுத்தல் கணக்கு எதற்கு?

சீனக்குடாக்காரன்:
ஒருவர் மைலிலும் மற்றவர் கிலோமீற்றரிலும் தூரம் சொல்லும்போது, எண் கூடியவர்தான் அதிக தூரம் போனார் என்று சொல்வீர்களா? அத்துடன் உங்கள் கார் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட கார். அதற்கு ஏன் அமெரிக்கக் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தீர்கள்? பெற்றோல் மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் ஈயமற்ற பிறிமியம் என்று ஒட்டியிருக்கும். ஜப்பானியத் தரத்தின்படி பிறிமியம் என்றால் ஆர்ஓஎன் 96க்குக் குறையக் கூடாது. அதாவது எங்கள் 95 கூட அந்தக் காருக்கு மட்டுமட்டுத்தான். மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

கிண்ணியா ஓட்டுநர்:
எனக்கு ஒரு சந்தேகம். நான் டொயோட்டா அக்வா ஓட்டுகிறேன். பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்று சொல்லும் அமுக்க விகிதம் அதற்கு 13.4 என்று படித்திருக்கிறேன். இம்பிரேசா டேர்போவுக்கு 8 அல்லது 9 தான். அமுக்கம் கூடினால் ஒக்டேன் கூட வேண்டும் என்றால் எனக்குத்தானே 95 வேண்டும்? ஆனால் ஜப்பானில் அக்வாவுக்குச் சாதாரணப் பெற்றோல்தான்.

நிலாவெளி வீதி:
கிண்ணியா அண்ணன் ஒரு வரியில் முடித்துவிட்டார். 13.4 அமுக்கத்துக்குச் சாதாரணப் பெற்றோல் போதுமென்றால், 9 அமுக்கத்துக்கு ஏன் பிறிமியம்? பதில் வராது. வந்தாலும் இன்னொரு வகுத்தல் கணக்காகத்தான் வரும்.

சீனக்குடாக்காரன்:
நல்ல கேள்வி, கேட்டவருக்கு நன்றி. அக்வாவின் எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குவது. உள்ளெடுக்கும் வால்வு பிந்தி மூடுவதால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்சக் காற்று வந்த வழியே திரும்பிப் போகிறது. 13.4 என்பது விரியும்போது கிடைக்கும் விகிதம். உண்மையில் அமுங்கும் காற்று அதைவிடக் குறைவு. டேர்போவில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிஸ்டன் அமுக்கத் தொடங்குவதற்கு முன்பே டேர்போ காற்றை அமுக்கிச் சூடாக்கி உள்ளே தள்ளிவிடுகிறது. கடதாசியில் 9 என்று இருந்தாலும் சிலிண்டருக்குள் நடப்பது 9 அல்ல. பிளக் பற்ற வைத்த தீ பரவி வந்து சேர்வதற்கு முன், மூலையில் மிஞ்சிய கலவை சூட்டாலும் அமுக்கத்தாலும் தானாகவே வெடித்தால் அதுதான் நொக்கிங். அப்படித் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவைத்தான் ஒக்டேன் எண் சொல்கிறது. அது பெற்றோலின் சக்தி அல்ல. ஆகவே அக்வாவுக்கு 95 அடித்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, தாராளமாக 92 அடியுங்கள். ஆனால் அக்வாவைக் காட்டி இம்பிரேசாவுக்கு 92 போதும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

உவர்மலையான்:
சீனக்குடாக்காரர் எந்தத் திரியில் வந்தாலும் கடைசியில் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் போவார். சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் பிறந்தவருக்கெல்லாம் பெற்றோல் அறிவு தானாக வந்துவிடாது. அந்த நூறு தாங்கிகளில் எத்தனையில் இன்று எண்ணெய் இருக்கிறது என்றாவது அவருக்குத் தெரியுமா?

சீனக்குடாக்காரன்:
நூறு அல்ல, 99. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். பல தாங்கிகளைச் சுற்றிக் காடு மூடிக் கிடப்பதை என்னைவிட அடிக்கடி பார்த்தவர் இங்கே யாரும் இல்லை. என் தகப்பன் அந்த வேலிக்குள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாங்கிக் கணக்கை வைத்து என்னை மடக்க வேண்டாம்.

நிலாவெளி வீதி:
பெருமை பேசும் இவருக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2022 யூனில் பெற்றோல் தட்டுப்பாட்டில் மூன்று நாள் வரிசையில் நின்றபோது, 95 எங்கேயும் இல்லை என்று என்னிடம் ஐந்து லீற்றர் 92 வாங்கித் தன்னுடைய சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு ஊற்றியவர் இவர்தான். அதுவும் ஜப்பானில் பிறிமியம் சொல்லப்பட்ட டேர்போ கார். அன்று எஞ்சின் உடையவில்லையே?

சீனக்குடாக்காரன்:
வாங்கினேன், ஊற்றினேன், மறைக்கவில்லை. அந்த ஐந்து லீற்றரில், டேர்போ அமுக்கம் ஏறாதபடி மிதியை மெல்லத் தொட்டுக்கொண்டு, அம்மாவை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கினேன். வேறு எங்கும் ஓடவில்லை. அந்த மாதக் கடைசியில் விலை ஏறி 92 லீற்றர் 470 ரூபாயும் 95 லீற்றர் 550 ரூபாயும் ஆனபோதும், 95 கிடைத்த அன்றே அதைத்தான் அடித்தேன். லீற்றருக்கு 80 ரூபாய் வித்தியாசம் எனக்கும் வலித்தது. அடுத்து, அந்த ஐந்து லீற்றருக்குக் காசு கொடுத்தேன்.

நிலாவெளி வீதி:
வரிசையில் நின்ற மூன்று நாளுக்கு யார் காசு கொடுத்தது?

மூதூர்த் தம்பி:
அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். 92 அடித்துவிட்டு ஒக்டேன் கூட்டும் போத்தல் ஒன்றை ஊற்றினால் சரிவராதா? நான் பார்த்த போத்தலில் 30 புள்ளி கூடும் என்று எழுதியிருக்கிறது.

சீனக்குடாக்காரன்:
தம்பி, அந்தப் போத்தல்களில் வழக்கமாகப் பத்துப் புள்ளி சேர்ந்தால்தான் ஓர் ஒக்டேன் எண். சொன்னபடியே வேலை செய்தாலும் 30 புள்ளி என்பது மூன்று எண், 92 போய் 95 ஆகும். அந்தக் காசுக்கு நேராக 95 அடிக்கலாம்.

நிலாவெளி வீதி:
நொக் சென்சர் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? சத்தம் வந்தால் எஞ்சினின் கணினி பிளக் பற்ற வைக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பின்னுக்கு இழுத்துவிடும், எஞ்சின் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். இதைச் சீனக்குடாக்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஏனென்றால் அது அவருடைய பயமுறுத்தலுக்கு உதவாது. கையேட்டில் 91. என்னிடம் 92.

சீனக்குடாக்காரன்:
சொல்கிறேன். சென்சர் நொக்கிங் நடந்த பிறகுதான் அதை உணர்கிறது. நடப்பதற்கு முன் அதற்கு எதுவும் தெரியாது. டைமிங் பின்னுக்குப் போனால் இழுவை குறைகிறது, புகைபோக்கிப் பக்கம் சூடு ஏறுகிறது. அதாவது பிறிமியத்துக்குச் செய்த காரை வாங்கி, அதன் பலத்தை நாள்தோறும் கணினி வெட்டிக் குறைக்க விட்டு ஓட்டுகிறீர்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில், வெயில் உச்சியில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, கியர் குறைக்காமல் லொறியை முந்த மிதியை அழுத்திப் பாருங்கள். தகரப் பேணிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் ஒரு நொடி வந்து போகும். பாட்டைக் கூட்டி வைத்திருந்தால் அது உங்களுக்குக் கேட்காது.

என் மேசையில் பழைய பத்திரிகையில் சுற்றிய பிஸ்டன் ஒன்று இருக்கிறது. இதே வகைக் காரிலிருந்து நானே கழற்றியது. முதலாம் றிங்குக்கும் இரண்டாம் றிங்குக்கும் நடுவில் இருக்கும் வரம்பில், பெருவிரல் நகமளவு துண்டு இல்லை. உடைந்த ஓரம் சாம்பல் நிறத்தில், மணலைத் தொட்டது போலச் சொரசொரப்பாக இருக்கிறது. மேல் விளிம்பில் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாகக் குழிகள். அந்தக் காரின் பிளக்கை எடுத்தபோது வெள்ளைப் பீங்கானில் அலுமினியத் துகள்கள் மிளகுத்தூள் போல ஒட்டியிருந்தன. அதன் சொந்தக்காரரும் 92 போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உவர்மலையான்:
அந்தப் பிஸ்டன் 92இனால்தான் உடைந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? ஒயில் மாற்றாமல் ஓட்டியிருக்கலாம், டேர்போ அமுக்கத்தைக் கூட்டி வைத்திருக்கலாம். ஒரு பிஸ்டனைக் காட்டி ஊரையே வெருட்டுகிறார்.

சீனக்குடாக்காரன்:
அமுக்கம் கூட்டவில்லை, ஒயில் சுத்தமாக இருந்தது, கழற்றியவன் நான். உவர்மலையான் அந்த எஞ்சினுக்குப் பக்கத்திலும் நிற்கவில்லை. போன வருடத் திரியில் நான் அவருடைய டயர் அளவைத் திருத்தியதிலிருந்து அவருக்கு என் மேல் கோபம், அது எல்லோருக்கும் தெரியும்.

உவர்மலையான்:
டயர் அளவில் நான் சொன்னதுதான் சரி.

கிண்ணியா ஓட்டுநர்:
எனக்கு 92 போதும் என்று தெரிந்துவிட்டது, நான் போகிறேன். ஆனால் நிலாவெளித் தம்பி, அந்த மூடியின் படத்தை ஏன் இன்னும் போடவில்லை?

நிலாவெளி வீதி:
கார் தம்பியிடம் இருக்கிறது. படம் போட்டாலும் போடாவிட்டாலும் 92 என்பது 91ஐ விடக் கூடிய எண், அதை எந்தப் பிஸ்டனும் மாற்றாது. நாளைக் காலை அனுராதபுரச் சந்தியில் 92 தான் அடிக்கப் போகிறேன், விரும்பியவர் வந்து பார்க்கலாம்.

சீனக்குடாக்காரன்:
வருகிறேன். பெற்றோல் அடிக்க எப்படியும் மூடியைத் திறந்துதானே ஆக வேண்டும்? படத்தை நானே எடுக்கிறேன்.